குருவி வாய் திறக்கும் வரை

பேச்சு விஷயத்தில் டிரைவர் என்றைக்கும் பஞ்சம் வைத்ததில்லை. 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டே, முன் இருக்கைக்காரர்களின் பெண் பார்த்த கதை, பல் பிடுங்கிய கதை, மைத்துனன் ஏமாற்றிய கதை எல்லாவற்றையும் கேட்டு, பதிலுக்கு நாலு கதை சொல்லி அனுப்புகிறவர். அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். நாள் முழுக்கச் சின்னச் சின்னத் திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பேச்சு அளந்துதான் வரும். வீட்டுக்கு வேண்டிய பேச்சை அவரே பேசிவிடுகிறார், தான் வேறு எதற்கு என்பாள்.

குழந்தை பிறக்கவில்லை. அந்த வருத்தம் ஒரு காலத்தில் வீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. பிறகு அதுவும் எழுந்து போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய பின், தத்து எடுக்கலாமா என்று மனைவிதான் முதலில் கேட்டாள். கைக்குழந்தைக்கு வரிசை நீளம் என்று தத்து மையத்தில் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளையைக் கேட்டு வருபவர்கள் குறைவு, வேறு நாட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பேசிப் பார்க்கிறீர்களா என்றார்கள்.

பேசிப் பார்த்தது இவர்கள் இல்லை, அவள்தான். முதல் வீடியோ அழைப்பில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் இருக்க, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். வீட்டில் யார் சமைப்பார்கள், யார் குறட்டை விடுவார்கள், இருட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு தூங்கினால் திட்டுவீர்களா என்று ஒன்றும் விடவில்லை. சண்டை வந்தால் முதலில் யார் பேசுவீர்கள் என்று கேட்டதற்கு டிரைவர் நான்தான் என்றார். அவள் திரும்பி மனைவியிடம் அது நிஜமா என்று விசாரித்தாள். அழைப்பு முடிந்ததும் டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"லைசென்ஸ் வாங்கினப்பகூட என்னை இவ்வளவு கேக்கலம்மா. இது பொண்ணு இல்ல, இன்ஸ்பெக்டர்."

அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் சாப்பிட்டிருப்பாளா, இன்ஸ்பெக்டர் ஊரில் இப்போது மழையாமே என்று வீட்டில் பேச்செல்லாம் அவளைப் பற்றித்தான். அவள் மொழியைக் கற்றுக்கொள்ள இருவரும் ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போனார்கள். மனைவிக்கு இலக்கணம் வந்தது. டிரைவருக்குத் துணிச்சல் வந்தது.

ஒருவழியாக நீதிமன்றத்தில் தேதி கிடைத்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்து பிள்ளையோடு பழகிக் காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. சலவைக் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். காலையிலிருந்து இயந்திரங்கள் கீழே சுழலும். அறை முழுக்கச் சோப்பு வாசனை. அங்கிருந்து குழந்தைகள் இல்லம் நடக்கிற தூரம்தான். இரண்டு மாடிக் கட்டடம், வாசலில் வரிசையாகச் சின்னச் சின்னச் செருப்புகள், உள்ளே நுழைந்ததும் நீளமான சாப்பாட்டுக் கூடம்.

இன்ஸ்பெக்டர் திரையில் தெரிந்ததைவிட உயரம் குறைவு. கை நீட்டி இருவருக்கும் கை கொடுத்தாள். டிரைவர் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைச் சொன்னார். இங்கே உட்காரலாமா என்று கேட்டதாகத்தான் அவர் நினைத்தார். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் மட்டும் முகம் மாறாமல், "இங்கே வேகலாமான்னு கேட்டீங்க. உட்காரணும்னா வேற சொல்லு" என்று திருத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பிறகு தினமும் மாலையில் போனார்கள். அவளுக்குக் கணக்கு பிடிக்கும், கத்திரிக்காய் பிடிக்காது, யாராவது பின்னாலிருந்து தொட்டால் பிடிக்காது. மனைவியின் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, திருகாணி எப்படி உள்ளே போனது என்று கேட்டாள். டிரைவர் தன் பேருந்தில் ஏறிய ஆட்டுக்குட்டியின் கதையை அரைகுறை மொழியில் சொன்னபோது ஒரு முறை சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் இரவு அறைக்கு வந்து மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், அவளும் கூடவே இருந்து பார்த்தவள் என்பதே மறந்துபோய்.

நீதிமன்றம் என்றால் டிரைவர் பெரிய கூடத்தை எதிர்பார்த்திருந்தார். அது ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் நீதிபதி அம்மாள், காதோரம் நரைத்தவர், சளி பிடித்திருந்தது. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, இவர்களோடு போய் இவர்களுடைய பிள்ளையாக இருக்க உனக்குச் சம்மதமா என்று நிதானமாகக் கேட்டார். இந்த வயதுப் பிள்ளையிடம் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றாள். பாவாடையை நீவி விட்டுக்கொண்டாள்.

"சம்மதம்தான். ஆனா இப்ப இல்ல."

ஏன் என்று நீதிபதி கேட்டார். ஒரு வேலை பாக்கி இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றாள். என்ன வேலை என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். யாராவது மிரட்டினார்களா, பயமாக இருக்கிறதா என்று வேறு விதமாகவெல்லாம் கேட்டுப் பார்த்தார் நீதிபதி. எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இவள் தயார் என்று இல்லத்திலிருந்து சொல்லி அனுப்புங்கள், அன்றைக்கே கூப்பிடுகிறேன் என்று காகிதங்களை மூடிவிட்டார். பொறுப்பாளர் அம்மாளுக்கே எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அறைக்குத் திரும்பிய டிரைவர் கட்டிலில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாம் எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்றார். அந்த ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். நாளைக்கே போய் நேராகக் கேட்டுவிடுவோம் என்றார். மனைவி ஜன்னல் அருகே நின்று கீழே துணி மடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காதீங்க. ஜட்ஜ் கேட்டே சொல்லாதவ. அவளா சொல்ற வரைக்கும் நாம இங்கேயே இருப்போம்."

டிரைவர் டிப்போவுக்குப் போன் போட்டு விடுப்பை நீட்டினார். மேலாளர் கத்தியது மனைவிக்கே கேட்டது. கண்ணாடிக் கடைக்காரர் பரவாயில்லை, அவசரமில்லாமல் வாருங்கள் என்றார்.

மாலையில் மட்டும் போய்க்கொண்டிருந்தவர்கள், பொறுப்பாளரிடம் கேட்டு மதியச் சாப்பாட்டு வேளையிலும் போக ஆரம்பித்தார்கள். அப்போதுதான் குருவியைப் பார்த்தார்கள்.

குருவிக்கு மூன்று வயது இருக்கும். எலும்பும் தோலுமாக, கண் மட்டும் பெரிதாக. கொறிக்கிற அளவுக்குத்தான் சாப்பிடுவாள் என்பதால் அந்தப் பேர். அவளுடைய அம்மா நெடுநாளாக மருத்துவமனையில் இருந்தாள். தேறியதும் வந்து கூட்டிக்கொண்டு போவாள் என்று பொறுப்பாளர் சொன்னார். அம்மாவை விட்டு இங்கே வந்த நாளிலிருந்து குருவி யார் கொடுத்தாலும் வாய் திறக்கவில்லையாம். டாக்டர் வந்தார், தாதி வந்தாள், பொம்மை வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் ஒரு கரண்டிக் கஞ்சியை நீட்டினாள். குருவி வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் அவள் கைதான்.

ஆனால் டிரைவர் பார்த்த காட்சி வேறு. இல்லத்துச் சமையல்காரர், கதவு அகலத்துக்கு இருக்கிற மனிதர், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயை இடிக்க ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கரண்டி இன்ஸ்பெக்டரின் கையில்தான் இருந்தது. ஆனால் அதன் வால் நுனியைச் சமையல்காரர் இரண்டு விரலால் பிடித்திருந்தார். கரண்டி போகும்போது அவர் கையும் கூடவே போனது. வரும்போது கூடவே வந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குருவி அந்தப் பெரிய கையை ஒரு தரம் பார்த்தாள், இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

"என்னங்க அது" என்று டிரைவர் மனைவியின் காதில் கேட்டார்.

"பாருங்க" என்றாள் அவள்.

பார்த்தார்கள், நாள் தவறாமல். கொஞ்ச நாள் கழித்துக் கரண்டி சமையல்காரரின் கைக்குப் போனது, இன்ஸ்பெக்டரின் கை அவர் மணிக்கட்டின் மேல் இருந்தது. பிறகு அந்தக் கை முழங்கைக்கு நகர்ந்தது. பிறகு தோளுக்கு. அதற்கப்புறம் அவள் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். அவசரப்படவே இல்லை. ஒரு நாள் குருவி முகம் சுருக்கினால் மறுநாள் ஒரு படி பின்னால் போய், கையை மறுபடி முழங்கையில் வைத்தாள். டிரைவருக்கு, தான் புதியவர்களுக்குப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்த பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. பயிற்சிக்கு வந்த ஆட்களில் பாதிப் பேரை அவர் கத்தியே ஓட வைத்திருக்கிறார். இந்தப் பெண்ணோ குரலே எழுப்பாமல் ஒரு ஆளின் கையை இன்னொரு உயிரின் நம்பிக்கைக்குள் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு போகிறாள். அவருக்கு, இவளுக்கு நாம் அப்பா அம்மாவாக இருப்பதாவது என்று தோன்றியது. அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் மேசையின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்த அன்று எல்லாம் கவிழ்ந்தது. குருவி ஒரு வாய் வாங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் அக்கா இல்லை. வாயில் இருந்ததைத் துப்பினாள், கிண்ணத்தைத் தட்டிவிட்டாள், மூச்சு நிற்கிற மாதிரி அழுதாள். சமையல்காரர் சட்டையெல்லாம் கஞ்சி. அன்று மாலையும் அவள் சாப்பிடவில்லை, இன்ஸ்பெக்டர் கொடுத்தும்.

டிரைவர் தாழ்வாரத்துப் பக்கம் போனபோது இன்ஸ்பெக்டர் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். பின்னாலிருந்து தொட்டால் பிடிக்காது என்பதால் அவர் சுற்றி வந்து, அவள் பார்க்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்தார். எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று பார்த்தார். கற்ற மொழியில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. சொந்த மொழியிலும் வரவில்லை.

அவளும் சுவரோடு சறுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு பெரிய அக்கா இருந்தா. சொந்த அக்கா இல்ல, இங்கதான். எனக்குத் தலை பின்னி விடுவா. ஒரு நாள் காலைல எழுந்து பாத்தா அவ கட்டில் காலி. வேற நாட்டுக்குப் போயிட்டான்னாங்க. சொன்னா நான் அழுவேன்னு சொல்லாமலே கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

டிரைவர் தலையை ஆட்டினார்.

"ரொம்ப நாள் யாரையும் தலை தொட விடல நான். குருவிக்கு அது தலை இல்ல, சாப்பாடு. நான் அப்படிப் போக மாட்டேன். அவளுக்கு ஒரு ஆள் பாத்து வெச்சிட்டுத்தான் போவேன். சமையல்காரர் வேலையை விட்டுப் போக மாட்டார். அவர்கிட்ட கேட்டுட்டேன்."

டிரைவர், நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்டார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தாள், அந்த முதல் வீடியோ அழைப்பில் பார்த்த அதே பார்வை.

"என் இடத்துல நீங்க உக்காருங்க. அவ பக்கத்துல. உங்க சாப்பாட்டை நீங்க சாப்பிடணும். அவளைப் பாக்கக் கூடாது. பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

இந்த உத்தரவைக் கேட்டுவிட்டு அன்று இரவு மனைவி சிரித்த சிரிப்பில் கீழே சலவைக் கடைக்காரர் கூரையைத் தட்டினார். பல வாரங்களில் அவள் சிரித்தது அன்றுதான்.

மறுநாளிலிருந்து பேருந்து முழுக்கப் பேசுகிற மனிதர் குட்டி நாற்காலியில் ஒடுங்கி, வாயைப் பொத்திக்கொண்டு கஞ்சி குடித்தார். ஒரு பக்கம் சமையல்காரர், ஒரு பக்கம் அவர், நடுவில் குருவி. இரண்டு யானைக்கு நடுவில் அணில் மாதிரி இருந்தது என்று பொறுப்பாளர் பிறகு சொன்னார். குருவி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். முதலில் இன்ஸ்பெக்டர் எதிரே இருந்தாள். பிறகு கோடியில் இருந்தாள். பிறகு சமையலறை வாசலில் நின்றாள். குருவி ஒவ்வொரு வாய்க்கும் அவளைத் தேடிப் பார்த்துக்கொண்டுதான் விழுங்கினாள். ஆனாலும் விழுங்கினாள்.

இதற்கிடையே இன்ஸ்பெக்டர் இன்னொன்றும் செய்தாள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு குருவியை மடியில் வைத்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னாள்: நான் பெரிய விமானத்தில் தூரமாகப் போவேன், இவர்களோடு போவேன், சமையல்கார மாமா இங்கேயே இருப்பார், உன் அம்மா வருகிற வரைக்கும் இருப்பார். குருவிக்கு எவ்வளவு புரிந்ததோ. சில நாள் கேட்டுக்கொண்டாள், சில நாள் காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாளும் இன்ஸ்பெக்டர் அதையே சொன்னாள்.

பிறகு அந்த மதியம் வந்தது. இன்ஸ்பெக்டர் வாசலில் நிற்காமல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவின் மேல்பாதியில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. உள்ளே இருட்டாக இருந்ததால் குழந்தைக்கு அங்கிருந்து எதுவும் தெரியாது. மனைவியும் உள்ளே அவளோடு இருந்தாள். டிரைவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சமையல்காரர் கரண்டியை எடுத்தார். மூட்டை தூக்குகிற அந்தக் கையிலும் கரண்டி கிண்ணத்தோரம் கிணுகிணு என்று மோதியது.

குருவி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. மேசையின் கோடியைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் கரண்டியை வாயில் வைத்து விழுங்கினார். அடுத்த கரண்டியை எடுத்தார். குருவி அவர் பக்கம் திரும்பி அவர் விழுங்குவதையே பார்த்தாள். பிறகு சமையல்காரரின் பக்கம் திரும்பி, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அவருடைய கையைத்தான் பார்த்திருக்கிறாள், முகத்தை அன்றுதான் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள்.

ஒரு வாய். இன்னொரு வாய். கிண்ணம் பாதியானது. சமையல்காரரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, இடக்கையில் கிண்ணம், வலக்கையில் கரண்டி. டிரைவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தூக்கிக் கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். இருட்டுக்குள் இரண்டு முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. இன்ஸ்பெக்டர் மனைவியின் கையை இரண்டு கையாலும் தன் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். மனைவி அசையாமல் நின்றாள். முதல் நாள் கை கொடுத்ததோடு சரி, அதன் பிறகு அந்தப் பெண் அவளை ஒரு தரமும் தானாகத் தொட்டதில்லை. டிரைவருக்குக் கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல இருந்தது. எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. நாற்காலி இடுப்பில் மாட்டியிருந்ததால் முடியவில்லை.

அன்று மாலை மனைவியின் விரல்கள் சிவந்து போயிருந்தன. மோதிரம் அழுந்திய இடம் தடித்திருந்தது. அதற்கு அவள் மருந்து போடவில்லை.

நல்லபடியாகச் சாப்பிட்ட அந்த ஒரு நாளை இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்தாள். ஒரு நாள் வேண்டுமென்றே கடைக்குப் போய்விட்டு, வந்து கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் பொறுப்பாளரிடம் போய், ஜட்ஜ் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றாள்.

அதே சின்ன அறை. நீதிபதிக்குச் சளி சரியாகியிருந்தது. பொறுப்பாளர் எல்லாவற்றையும் அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரை அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எனக்குச் சம்மதம்."

நீதிபதி பேனாவை எடுத்தார். இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை.

"என்னை ரெண்டு தடவை கேட்டீங்க. அவங்களை இந்தத் தடவை கேக்கல. நான் இவ்வளவு நாள் காக்க வெச்சேன். இப்பவும் வேணுமான்னு அவங்களையும் கேளுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பி, முறைப்படி கேட்டார். டிரைவர் எழுந்தார். வாய் திறந்தது, உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. அப்போது மனைவி எழுந்தாள். அந்த மொழியின் இலக்கணம் ஒரு எழுத்து பிசகாமல், அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"முதல்ல கேட்டப்ப ஒரு பிள்ளை வேணும்னு வந்தோம். இப்ப இவதான் வேணும்."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தாள். நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

கிளம்புகிற நாளில் வண்டி வாசலில் நின்றது. குருவி தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிடலாமா என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கோபிக்கவில்லை. குருவி எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு முன்னால் மண்டியிட்டு, இன்றைக்குத்தான் போகிறேன் என்றாள். குருவி அழுதாள், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. சமையல்காரர் தூக்கிக்கொண்டார். அவர் தோளில் முகத்தைப் புதைத்து, அவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அழுதாள். அந்தப் பிடியை இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். குருவி நிமிர்ந்து பார்க்கிற வரை நின்று, கையசைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

வண்டி திரும்பியதும் அவள் உடைந்தாள். அதுவரை பார்த்த பெரிய மனுஷி எங்கேயோ போய், பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். மனைவி முதுகை அணைத்துக்கொண்டாள். டிரைவர் கைக்குட்டையை நீட்டினார், அது தீர்ந்ததும் தன் துண்டை நீட்டினார். விமான நிலையம் வருவதற்குள் அவள் மனைவியின் மடியில் தலை வைத்துத் தூங்கிப் போயிருந்தாள். அந்தத் தலைமுடியை விலக்கிவிட மனைவி கையைத் தூக்கி, தொடாமல் கொஞ்ச நேரம் தயங்கி, பிறகு தொட்டாள். அவள் எழவில்லை.

வீடு வந்து சேர்ந்த மறுநாள், பெட்டியைக்கூடப் பிரிக்காமல், அங்கே மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து இன்ஸ்பெக்டர் சமையல்காரருக்குப் போன் செய்தாள். மறுமுனையில் பாத்திரச் சத்தம், குழந்தைகள் சத்தம். குருவி சாப்பிட்டாளா என்று கேட்டாள். அவர் கூச்சத்தோடு, சாப்பிட்டாள் என்றார். எவ்வளவு என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றார். இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

குருவியின் அம்மா மழைக்காலம் முடிந்ததும் தேறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். செய்தி வந்த அன்று மூவரும் சமையலறையில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் விஷயத்தைப் படித்துச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றாள்.